வீட்டுப்பாடத்தில் எனக்கு விழுந்த சிவப்பு

மன்ஸூரா,
தோரீல் பகுதி, மூன்றாம் மாடி.
திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மிகுந்த மரியாதைக்கும் அதைவிட மிகுந்த பயத்துக்கும் உரிய மாமா, ஓய்வுபெற்ற பள்ளி இன்ஸ்பெக்டர் ஹாஜி முத்வல்லி அவர்களுக்கு,

மருமகன் ஸக்லூல் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் பேத்தி லமீஸும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். தங்கள் முழங்கால் நலமா, மொட்டைமாடிப் புறாக்கள் நலமா, ரேடியோவின் இடது பக்கம் சரியாகப் பேசுகிறதா என்று அறிய ஆவல். தம்யாத்திலிருந்து தாங்கள் கொடுத்தனுப்பிய முஷப்பக் மிட்டாய் டப்பா வந்து சேர்ந்தது. அதில் முக்கால்வாசியை நான் தின்றுவிட்டேன். லமீஸுக்கு நாலே நாலு துண்டுதான் கிடைத்தது. இது தவறு என்பதை இப்போது உணர்கிறேன்.

மாமா, விஷயத்துக்கு வருவதற்கு முன் தாங்கள் உட்கார்ந்துகொள்வது நல்லது. போன வருடம் தங்கள் மகள் நஜாத் குவைத் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் கிளம்பியபோது, கெய்ரோ விமான நிலையத்தில் அத்தனை பேர் நடுவில் என் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் என்று தங்களுக்கு ஞாபகம் இருக்கும். தாங்களும் பக்கத்தில்தான் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"இதோ பாருங்க. சமையல் எப்படியோ போகட்டும், துணி எப்படியோ கிடக்கட்டும். பிள்ளையோட மார்க் கார்டுல ஒரே ஒரு சிவப்பு விழுந்தாலும் சரி, அவ தம்யாத்துக்கு எங்க வாப்பாகிட்ட போயிடுவா. நான் திரும்பி வர்ற வரைக்கும் அங்கதான். ஆமா, சொல்லிட்டேன்."

விழுந்துவிட்டது மாமா. நேற்று கார்டு வந்தது, ஒரு சிவப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை நஜாத் வீடியோவில் வருவாள், கார்டைக் காட்டு என்பாள். அவள் சொல்லி, தாங்கள் சனிக்கிழமை பஸ்ஸிலோ அடுத்த வியாழக்கிழமை பஸ்ஸிலோ ஏறிவந்து, என் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவதற்கு முன்னால் என் தரப்பு நியாயத்தை ஒரு மனிதராவது கேட்க வேண்டாமா? அதற்குத்தான் இந்தக் கடிதம். அந்தச் சிவப்பு லமீஸுடையது அல்ல. அது என்னுடையது.

தங்கள் காலத்தில் பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று போட்டார்கள். இப்போது நாலு நிறம். நீலம் என்றால் எதிர்பார்த்ததற்கும் மேலே. பச்சை என்றால் எதிர்பார்த்த அளவு. மஞ்சள் என்றால் யாராவது பக்கத்தில் இருந்து உதவ வேண்டும். சிவப்பு என்றால் உதவியும் பிரயோஜனப்படவில்லை. லமீஸுக்கு அரபியில் நீலம், கணக்கில் நீலம், விஞ்ஞானத்தில் நீலம், ஒழுக்கத்தில் நீலம். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். கூடை வைத்த ஒரு சைக்கிள் இருந்தால் இன்னும் நன்றாகப் படிப்பாள் என்று பலரும் சொல்கிறார்கள். கடைசி வரியில் 'வீட்டுப்பாடம்' என்று ஒரு கட்டம். சிவப்பு அங்கேதான் இருக்கிறது.

வீட்டுப்பாடத்தை யார் செய்வார்கள் என்று முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்டராக இருந்த தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் எந்தப் பிள்ளை செய்கிறது? உம்மாக்கள் செய்கிறார்கள். உம்மா இல்லாத வீட்டில் வாப்பா செய்கிறான். மூன்றாம் வகுப்பு உம்மாக்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குரூப் இருக்கிறது. பெயரே 'தாய்மார்கள் மட்டும்'. நஜாத் கிளம்பும்போது தன் இடத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள். என் பெயரை யாரும் மாற்றவில்லை, அதனால் நாற்பத்தாறு வயதும் மீசையும் உள்ள லிஃப்ட் மெக்கானிக்கான நான் அங்கே 'லமீஸ் உம்மா'. காலையில் ஃபூல் பயறுத் தட்டில் ரொட்டியைத் தொடுவதற்குள், "லமீஸ் உம்மா, கண்ணு, நாளைக்கு நதி வரையணுமாம், நீலக் கலர் பேப்பர் உங்க தெருக் கடைல கிடைக்குமாம்மா?" என்று குரல் வந்துவிடும். முதல் வாரம் திருத்தினேன். இரண்டாம் வாரத்திலிருந்து, "கிடைக்கும்மா, எத்தனை வேணும்?" என்று பதில் போட ஆரம்பித்துவிட்டேன்.

குளிர்கால விடுமுறை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதுவரை இருந்த டீச்சர் யார் எதைக் கொண்டுவந்தாலும் நீலம் போட்டுவிடுவார். பிறகு அவர் பிரசவத்துக்குப் போனார், அப்லா இன்ஸாஃப் வந்தார். நம் பக்கத்தில் டீச்சரை அப்லா என்று கூப்பிடுவது மரியாதைக்காக. இவரைப் பயத்தில்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. குள்ளமான உருவம், நாலு நிறப் பேனா நாலும் ஒரே பையில், எங்கே பொய் இருக்கிறதோ அங்கே நேராகப் போய் நிற்கும் கண்.

முதல் வீட்டுப்பாடம், மழை எப்படிப் பெய்கிறது என்று ஒரு மாதிரி செய்து வரச் சொன்னார்கள். மற்றவர்கள் பஞ்சை மேகமாக ஒட்டி அனுப்பினார்கள். நான் தொழில் தெரிந்தவன். பழைய லிஃப்ட் கதவு மோட்டார் ஒன்று கிடந்தது. செப்புக் கெட்டில், கரண்ட் அடுப்பு, தகரக் கூரை எல்லாம் வைத்து, நிஜமாகவே தண்ணீர் கொதித்து, ஆவி மேலே போய், கூரையில் குளிர்ந்து மழையாகப் பெய்யும்படி ஒன்று செய்தேன். இருபத்திரண்டு கிலோ. நானும் கசாப்புக்கடை அப்தல் ஹக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பள்ளிக்கூட மாடி ஏற்றினோம். வகுப்பில் ஸ்விட்சைப் போட்டதும் மழை பெய்தது மாமா. முன் இரண்டு பெஞ்சிலும் பெய்தது. அப்லாவின் வருகைப் பதிவேட்டிலும் பெய்தது. ஸ்விட்சை அணைத்த பிறகும் பெய்தது.

அப்லா பதிவேட்டை உதறிவிட்டு அமைதியாகக் கேட்டார்: "லமீஸ், இதை யாரு செஞ்சா?"

வேறு பிள்ளையாக இருந்தால், "நான்தான் அப்லா" என்று சொல்லியிருக்கும். தங்கள் பேத்திக்குப் பொய் வராது. "என் வாப்பா," என்றாள். அப்லா அடுத்த பெஞ்சைக் கேட்டார். "உம்மா." அதற்கடுத்தது. "உம்மாவும் சின்னம்மாவும்." அதற்கடுத்தது. "ஸ்டேஷனரி கடைல ஆர்டர் குடுத்தோம் அப்லா." முப்பத்தெட்டு பிள்ளைகளில் ஒரே ஒருவன்தான் தானே செய்திருந்தான், அதுவும் அவன் உம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால்.

"ரொம்ப நல்லது," என்றார் அப்லா. "இனிமே செஞ்சவங்களுக்குத்தான் நிறம்."

மறுநாள் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு சீட்டு வந்தது. என் சீட்டில், 'தந்தை ஸக்லூல்: ஆர்வம் உண்டு, அளவு தெரியவில்லை. மஞ்சள்.'

தாய்மார்கள் கொதித்தெழுந்து இந்த அநியாயத்தைக் கேட்பார்கள் என்று நான் நினைத்தேன். கொதித்தார்கள்தான். ஆனால் எதற்கு? குரூப் தலைவி தஹானி, பல் டாக்டரின் மனைவி, விடிந்ததும் குரல் போட்டார்: "எனக்குப் பச்சையாம்! நேத்து முழுக்க உக்காந்து ஒட்டியிருக்கேன், எனக்குப் பச்சையாம்! அந்த நாலாம் பெஞ்சுக்காரிக்கு நீலமாம். அவ வீட்டு மேகத்தைப் பாத்தீங்களா நீங்க? அது மேகமா? தலகாணிப் பஞ்சு!" நாலாம் பெஞ்சுக்காரி அழுதுகொண்டே குரூப்பை விட்டு வெளியேறினார். மத்தியானம் திரும்பி வந்து தன் நீலத்தைப் படம் எடுத்துப் போட்டார். அன்றிலிருந்து பிள்ளைகளின் நிறத்தை யாரும் கேட்பதில்லை. ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போது, "நீங்க என்ன நிறம்?" என்று கேட்கிறார்கள்.

இந்த நாட்டில் ஒரு பாடம் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? டியூஷன் வைப்போம். வைத்தோம். உஸ்தாத் ஃபிக்ரி என்று ஒருவர், தன் கார் ஷெட்டில் பெற்றோருக்கென்று தனி வகுப்பு ஆரம்பித்தார். ஞாயிறும் புதனும், சாயந்திரம் ஐந்து மணிக்கு. பிள்ளைகளுக்கான பிளாஸ்டிக் நாற்காலிதான். நானும் அப்தல் ஹக்கும் அதில் இறங்கினால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அப்தல் ஹக் அரை மாட்டைத் தனியாகத் தோளில் தூக்குகிறவர். பின்னத்தைக் கண்டால் வேர்த்துவிடும்.

"உஸ்தாத், முக்காலுக்கும் மூணுல ரெண்டுக்கும் எது பெருசுன்னு என்னைக் கேட்டா? எலும்போடவா, எலும்பில்லாமயா, அதைச் சொல்லுங்க முதல்ல!"

"எலும்பு கிடையாது அப்தல் ஹக். வெறும் எண்."

"வெறும் எண்ணை யாரு வாங்குவா?"

வீட்டில் விட ஆளில்லாததால் லமீஸையும் கூட்டிக்கொண்டு போவேன். எல்லாரும் அப்படித்தான். ஆகவே உள்ளே நாங்கள் பாடம் படிக்க, வெளியே பிள்ளைகள் பந்து விளையாடின. விளையாட்டு நடுவில் ஷட்டர் இடுக்கு வழியாக விடை சொல்லிக்கொடுத்துவிட்டு ஓடின. "முக்கால்தான் பெருசு, அப்தல் ஹக் மாமா!" உஸ்தாத் ஃபிக்ரி ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டார். அந்தப் புதன்கிழமை வகுப்பே ஊமையாகிவிட்டது.

சரி, கணக்கை விடுங்கள். அடுத்து கட்டுரை வந்தது. தலைப்பு, 'விடுமுறையில் ஒரு நாள்.' பிள்ளை எழுதுவது போல எழுத வேண்டும், அதுதான் சூட்சுமம் என்று உஸ்தாத் சொல்லிக்கொடுத்திருந்தார். நானும் பிள்ளை போலத்தான் ஆரம்பித்தேன். முழுசாக இங்கே தருகிறேன், தாங்களே இன்ஸ்பெக்டர், தாங்களே சொல்லுங்கள்:

'என் பெயர் லமீஸ். எனக்கு எட்டு வயது. விடுமுறையில் ராஸ் அல்பர் கடற்கரைக்குப் போனோம். கடல் பெரியதாக இருந்தது. என் மாமனார் தர்ப்பூசணி வாங்கினார். ஒன்பது பேருக்கு ஒரே ஒரு தர்ப்பூசணி. அதிலும் பெரிய துண்டை அவரே எடுத்துக்கொண்டார். என் மனைவி முறைத்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. குடையைத் தூக்கியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.'

(இதைத் தங்களுக்கு எழுதித்தான் ஆக வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டேன். எழுதத்தான் வேண்டும்.)

அப்லா கீழே எழுதியிருந்தது: 'எட்டு வயதில் மாமனாரா? இடுப்புக்குத் தைலம் தடவவும். சிவப்பு.'

அந்த ஒரு சிவப்போடு விட்டிருந்தால் பருவக் கார்டில் மஞ்சளாவது தேறியிருக்கும். அதற்குள் லிஃப்ட் வந்து குறுக்கே நின்றது.

மாமா, எல்லாரும் சொல்வது போல நான் அந்த லிஃப்டை நிறுத்தவில்லை. அல்லாஹ் மேல் ஆணை. அப்லா இன்ஸாஃப் குடியிருப்பது ஜாமிஆ தெருவில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் என் பொறுப்பில் இருக்கிறது, அது என் தலையெழுத்து. போன மாதம் ஒரு சாயந்திரம் கரண்ட் போய் வந்ததில் அது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே அப்லா, கையில் இரண்டு பை காய்கறி. வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டான். நானும் லமீஸும் ஓடினோம். அவள்தான் டார்ச் பிடித்துக்கொண்டாள், எப்போதும் ஆடாமல் பிடிப்பாள்.

கதவைத் தட்டினேன். "யாரு?" என்று உள்ளேயிருந்து குரல்.

"நான்தான் அப்லா. லமீஸ் உம்மா." பழக்கதோஷம் மாமா. "ஸக்லூல், ஸக்லூல்."

"சீக்கிரம் திறங்க."

"கை வச்சு மேல ஏத்தணும் அப்லா, பத்து நிமிஷம் ஆகும்." இங்கேதான் எனக்குப் புத்தி கெட்டுப்போனது. சும்மா பேச்சுக்கொடுக்கலாம் என்று, "அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்… அந்தச் சிவப்பு விஷயமா ஒரு வார்த்தை…" என்றேன்.

உள்ளே காய்கறிப் பைகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "மறுதேர்வு வேணுமா உங்களுக்கு?"

"வச்சீங்கன்னா புண்ணியமா போகும் அப்லா."

"ஏழு எட்டு?"

படிக்கட்டு முழுக்க ஆள் கூடிவிட்டது. நாலாம் மாடி அம்மாள் கதவு இடுக்கு வழியாக அப்லாவுக்குத் தேநீர் நீட்டினார். ஏழு ஐந்து முப்பத்தைந்து வரை வந்தேன், அதற்கு மேல் வழி தெரியவில்லை. பக்கத்தில் லமீஸ் ஒரு கையில் டார்ச்சோடு இன்னொரு கை விரலை விரித்துக் காட்டினாள். முதலில் ஐந்து விரல். அடுத்து ஆறு காட்ட வேண்டும், டார்ச் பிடித்த கையில் ஒரு விரல்தான் மிச்சம். நான் அதை எப்படிப் படித்தேனோ தெரியாது.

"அம்பத்தி நாலு!" என்றேன்.

"லமீஸ், வாப்பாவுக்குச் சொல்லிக்குடுக்காதே," என்றார் அப்லா உள்ளேயிருந்து. "டார்ச் வெளிச்சம் ஆடுது, எனக்குத் தெரியுது."

"அப்லா, நாலுதானே… ரெண்டுதானே வித்தியாசம்," என்று கெஞ்சினேன். "லிஃப்ட்ல ரெண்டு செண்டிமீட்டர் ஏற இறங்க இருந்தா நாங்க கண்டுக்கிறதில்ல."

"அதனாலதான் நான் இங்க நிக்கிறேன்," என்றார். "இதோ பாருங்க ஸக்லூல். நீங்க வேணா விடியற வரைக்கும் என்னை இதுக்குள்ளயே வைங்க. வெளிய வந்தாலும் உள்ள இருந்தாலும் ஏழு எட்டு அம்பத்தாறுதான்."

படிக்கட்டில் எல்லாரும் கை தட்டினார்கள். வாட்ச்மேனும் தட்டினான், அவனுக்கு மட்டும் தெரியுமா என்ன? நான் லிஃப்டை ஏற்றிக் கதவைத் திறந்துவிட்டேன். அப்லா தேநீர்க் கிளாஸைத் திருப்பிக் கொடுத்து, ஒரு வெள்ளரிக்காயை எடுத்து லமீஸ் கையில் வைத்து, "நல்லா டார்ச் பிடிச்சே, நீலம்" என்று சொல்லிவிட்டு மிச்ச மாடியைப் படியேறிப் போனார்.

மறுநாள் காலை குரூப்பில் என்ன? லமீஸ் உம்மா அப்லாவை லிஃப்டில் பூட்டிவைத்து மார்க் கேட்டார் என்று. மானம் போயிற்று என்று ஃபோனை அணைக்கப் போனேன். அதற்குள் தஹானியின் குரல்: "ஏம்மா லமீஸ் உம்மா, இப்படி ஒரு காரியம் பண்றதா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானும் வந்து என் பச்சையைப் பத்திக் கேட்டிருப்பேனே! எல்லாம் உங்களுக்கு மட்டும்தானா?"

நேற்று கார்டு வாங்கப் போனபோது அப்லாவிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "அப்லா, பிள்ளை எல்லாத்துலயும் நீலம். இந்த ஒரு கட்டத்தால அவளை என்கிட்டயிருந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதைக் கொஞ்சம்…"

"அவளுக்கு வீட்டுப்பாடமே தேவையில்ல ஸக்லூல். மணி அடிக்கிறதுக்குள்ள வகுப்புலயே முடிச்சுடறா. நீங்கதான் அதைக் கிழிச்சுட்டு வேற எழுதி அனுப்புறீங்க."

"நான் திருத்தி அனுப்புறேன் அப்லா."

"சரியா இருந்ததைத் திருத்தி அனுப்புறீங்க."

தங்களிடம் சொல்கிறேன் மாமா, வேறு யாரிடமும் சொன்னதில்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். நஜாத் இருந்தவரை சாயந்திரம் அவளும் பிள்ளையும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து நோட்டை விரிப்பார்கள். நான் வாசல் பக்கம் நின்று கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே பார்ப்பேன். அவள் போன அன்றைக்கு அந்த நாற்காலி காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க மனசு வரவில்லை. எனக்கு நிறம் வேண்டாம், மழை இயந்திரம் வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் அவள் எதிரில் இருக்கிறாள், என் லிஃப்ட் புத்தகத்தை எடுத்து வாசிக்கிறாள், நான் எழுதுவதை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். அவளைத் தம்யாத்துக்குக் கூட்டிப்போனால் இந்த வீட்டில் என்ன இருக்கும் மாமா? நானும் அந்த மேஜையும்தான் இருப்போம்.

ஆகவே தங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்வது இதுதான். வெள்ளிக்கிழமை நஜாத் தங்களுக்கு ஃபோன் செய்தால், சிவப்பு பிள்ளையுடையது அல்ல, மருமகனுடையது, மருமகனைத் தண்டித்தால் போதும் என்று ஒரு இன்ஸ்பெக்டராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் திருந்திவிட்டேன். இனி பிள்ளையின் நோட்டைத் தொட மாட்டேன். முலூகியாக் கீரையில் உப்பைக் குறைப்பேன். தலை பின்னும்போது வெடுக்கென்று இழுக்க மாட்டேன். கூடை வைத்த சைக்கிள், நீல நிறம், அதைப் பற்றி யோசிப்பேன். (யோசிப்பேன் என்றுதான் நான் எழுதுகிறேன்.) இனி எந்த வேலையானாலும் நானே செய்து நானே நிறம் வாங்குவேன். இந்தக் கடிதமே அதற்குச் சாட்சி. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒவ்வொரு எழுத்தும் என் கைப்பட எழுதியது.

அல்லாஹ் தங்கள் முழங்காலுக்கு வலுவும், புறாக்களுக்குத் தீனியும், தங்கள் நிழலுக்கு எங்கள் தலைமேல் நெடுநாளும் தரட்டும். அடுத்த வீட்டு மரவேலைக்கார ஹாஜிக்கும், ரேடியோ பார்க்கும் பையனுக்கும், ஃபார்மஸிக்காரருக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
ஸக்லூல்.

பின்குறிப்பு:

தாத்தா, நான் லமீஸ். வாப்பா கையெழுத்துப் போட்டதும் ஆறாம் மாடி லிஃப்ட் நின்னுடுச்சுன்னு கூப்பிட்டாங்க, போயிட்டாரு. நான்தான் கவரை ஒட்டணும். ஒட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட உண்மையைச் சொல்லணும்.

இந்தக் கடிதம் வாப்பாவோட வீட்டுப்பாடம். 'உறவினருக்கு ஒரு கடிதம், நலம் விசாரிப்பு, விஷயம், வாழ்த்து, பின்குறிப்பு, எல்லாம் இருக்க வேண்டும்'னு அப்லா குடுத்தாங்க. அவரே தனியா எழுதினா சிவப்பை மஞ்சளா மாத்தறேன்னாங்க. வாப்பா நேத்துலேர்ந்து எழுதினாரு. 'மாமா அவர்களுக்கு' வரைக்கும் வந்தாரு. ஒம்பது பேப்பர் கிழிச்சாரு. அப்புறம் மேஜைல தலையைக் கவுத்துக்கிட்டாரு. எனக்குப் பாக்கப் பிடிக்கல. அதனால முழுசும் நான் எழுதிட்டேன். அவரைப் பாத்து எழுத மட்டும் சொன்னேன். தர்ப்பூசணி வரவேணாம்னு ரொம்ப அழுதாரு, நான் விடல. முஷப்பக் நாலு துண்டு இல்ல, மூணுதான், பாத்து எழுதும்போது வாப்பா நாலாக்கிட்டாரு. அப்லாவுக்கு ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கோம். அதுல இந்தப் பக்கம் இருக்காது, அப்லாவுக்கு வேற பின்குறிப்பு எழுதி வச்சிருக்கேன்.

பாத்து எழுதினதுலயும் நாலு தப்பு. இருந்தாலும் பச்சை போட்டேன்.

அப்புறம், உம்மாவோட மூணாம் வகுப்பு நோட்டு எங்க அலமாரில இருக்கு தாத்தா. அதுல இருக்கிறது முழுக்க உங்க கையெழுத்து. நான் இன்னும் அப்லாகிட்ட காட்டல.

வியாழக்கிழமை வாங்க. கண்டிப்பா வாங்க, முஷப்பக் கொண்டுவாங்க. ஆனா என்னைக் கூட்டிட்டுப் போக வராதீங்க. அடுத்த வாரம் வாப்பாவுக்குப் பெருக்கல் பரீட்சை இருக்கு. நான் இல்லாட்டி அவருக்கு விரல் காட்ட ஆள் இல்ல.